அசல் பராமரிப்பாளர்

எல்லாம் ஒரு புள்ளியில் தொடங்கியது. மெய்யெழுத்தின் தலையில் வைக்கிறோமே, அந்தப் புள்ளி. வீட்டிலிருந்த பழைய கடிதங்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கோப்புக்கும் தமிழில் பெயர் வைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு ஒரே வீச்சில் பெயர் மாற்ற, கட்டளை தட்டும் முனையத்தில் ஓடும் ஒரு சின்ன நிரலைப் பல வருடமாகப் பயன்படுத்தி வருகிறேன். நீளமான பெயரைச் சொன்ன அளவுக்கு வெட்டித் தருவதும் அதன் வேலைகளில் ஒன்று. அன்று வெட்டித் தந்த பெயர்களில் ஒன்று ‘கடிதம’ என்று முடிந்திருந்தது. புள்ளியைக் காணோம். நமக்கு ‘கடிதம்’ நான்கு எழுத்து. கணினிக்கு அது ஆறு குறியீடு: க, ட, இகரத்தின் கொக்கி, த, ம, அப்புறம் புள்ளி. நிரல் எழுத்தை எண்ணாமல் குறியீட்டை எண்ணி, புள்ளிக்கு முன்னால் கத்தரித்துவிட்டது. பட்டியலைத் திரும்பப் பார்த்தபோது இப்படி ஊனமான பெயர்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. ஓரிடத்தில் கொம்பு மட்டும் தனியாக, தாங்க எழுத்தில்லாமல், புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

லினக்ஸை மற்ற நிரல்களோடு சேர்த்துக் கட்டித் தரும் இயங்குதளத் தொகுப்பை வழங்கல் என்கிறோம். அப்போது நான் வைத்திருந்தது, டெபியன் என்ற வழங்கலிலிருந்து பிறந்த வழங்கல்களில் ஒன்று. அதன் வழுப் பக்கத்தில் முறையாக எழுதினேன்: எந்தப் பதிப்பு, என்ன கட்டளை, என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். இரண்டு பேர் வந்து தங்களுக்கும் அப்படித்தான் ஆகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேறு அசைவில்லை. 14 மாதம் கழித்துத் தானியங்கிச் செய்தி ஒன்று வந்தது: இந்தப் பதிப்புக்கான ஆதரவுக் காலம் முடிந்துவிட்டதால் இந்த வழு மூடப்படுகிறது. எனக்குக் கோபம் வந்தது. வழு அப்படியே இருக்கிறது, அதைப் பற்றிய பேச்சை மட்டும் எப்படி மூடலாம் என்று நீளமாக எழுதத் தொடங்கினேன். நடுவில், நிரலின் பதிப்பு எண்ணைச் சரிபார்க்க, அதன் விவரங்களைக் காட்டும் ‘ஆப்ட் ஷோ’ கட்டளையைத் தட்டினேன். ‘மெயின்டெய்னர்’ என்ற வரியில் ஒரு குழுவின் பொது முகவரி இருந்தது. அதற்கு நேர் கீழே இன்னொரு வரி: ‘ஒரிஜினல்-மெயின்டெய்னர்’. அசல் பராமரிப்பாளர். அங்கே இருந்தது ஒரு மனிதரின் பெயர். டெபியனில் முடியும் ஒரு முகவரி.

ஏழு வருடமாக அந்த வரி என் கணினியில் இருந்திருக்கிறது. அதே கட்டளையை எத்தனை முறை தட்டியிருப்பேன், நிறுவத் தயாராகக் கட்டிவரும் நிரல் பொதிகள் எத்தனையைப் பார்த்திருப்பேன். ஒரு முறைகூட அந்தப் பெயரைப் படித்ததில்லை. எழுதி வைத்திருந்த கோபத்தை அழித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் கட்டுரை அன்றைக்கே மனதில் விழுந்தது. எழுதத்தான் இவ்வளவு நாளாகிவிட்டது.

‘டெபியன் பழசு’

இதற்கு முன் டெபியனைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. பலருக்கும் இருப்பதுதான். டெபியன் பழசு, மெதுவாக வரும், நிறுவுவது சிரமம். அதிலிருந்து நல்லதை எல்லாம் எடுத்து மெருகேற்றித் தருவதற்குத்தான் மற்ற வழங்கல்கள் இருக்கின்றனவே, நேராக அதை ஏன் போட வேண்டும்? நண்பர் ஒருவர் இதையே சொன்னார்: “பால் கறக்கிறது யாருன்னு தெரிஞ்சுக்கிட்டா காபி குடிக்கிறோம்?” நானும் தலையாட்டினேன். புதிதாக லினக்ஸுக்கு வந்தவர்களுக்கு நானே அப்படித்தான் பரிந்துரைத்தும் இருக்கிறேன்.

அந்தப் பேச்சுக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். டெபியனின் 3.0 பதிப்பு ‘வுடி’ 2002 ஜூலையில் வந்தது. அடுத்த பதிப்பான ‘சார்ஜ்’ வர 2005 ஜூன் ஆகிவிட்டது. கிட்டத்தட்ட மூன்று வருடம். டெபியனில் முன்பு பங்களித்தவரான மார்க் ஷட்டில்வொர்த் அந்த இடைவெளியில்தான், 2004 அக்டோபரில், டெபியன்மேல் கட்டிய உபுண்டு வழங்கலைக் கொண்டுவந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று நாள் குறித்துச் சொன்னார். தாகத்தோடு இருந்தவர்கள் அங்கே போனதில் ஆச்சரியமில்லை. இன்னொரு தடை வைஃபை. வன்பொருளை எழுப்பும் மூடிய ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்க மாட்டோம் என்று டெபியன் வெகுகாலம் உறுதியாக நின்றது. இணைப்பே வராத மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒரு புதியவர் என்ன செய்வார்? 2022இல் உறுப்பினர்கள் வாக்கெடுத்து அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேர் வட்டிலேயே வருகிறது. கொள்கையில் ஊறிய ஒரு கூட்டம், வெளிப்படையாகச் சண்டை போட்டு, வாக்குகளை எண்ணி, பயனருக்காக ஒரு படி இறங்கி வந்தது. எனக்கு அதில் மரியாதை உண்டு. இறங்கியது தவறு என்று இன்றும் வாதாடுபவர்கள் மேலும் மரியாதை உண்டு.

ஆனால் ‘பழசு’ என்று சொல்லும்போது நாம் எதைப் பார்க்கத் தவறுகிறோம் என்பதுதான் என்னை உறுத்தியது. 1993 ஆகஸ்ட் 16 அன்று, பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 20 வயது இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். அப்போதைய காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார். அவர் எழுதிய கொள்கை விளக்கத்தில் எனக்குப் பிடித்த இடம், வழங்கல் செய்வது எளிதான வேலையுமல்ல, பகட்டான வேலையுமல்ல என்று அவர் ஒப்புக்கொள்ளும் இடம். தொடர்ந்து கவனிக்க ஆள் வேண்டும், அதனால்தான் எல்லோருமாகத் திறந்த வெளியில் செய்வோம் என்றார். மர்டாக் 2015 டிசம்பரில் இறந்துபோனார். 9ஆம் பதிப்பு அவருக்குச் சமர்ப்பணம். 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பு ‘டிரிக்ஸி’யில் 69,830 பொதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் யாரோ கவனித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் சம்பளத்துக்கு அல்ல.

இவற்றை எடுத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் புதிய வழங்கல் செய்யலாம், நாங்கள் கட்டணம் கேட்க மாட்டோம் என்று 1997இல் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்திலேயே டெபியன் எழுதி வைத்திருக்கிறது. குறுந்தட்டிலிருந்தே கணினியை இயக்கிக் காட்டி நம்மை வாய்பிளக்க வைத்த நாப்பிக்ஸ், உபுண்டு, உபுண்டுவிலிருந்து கிளைத்த லினக்ஸ் மின்ட், பாதுகாப்புச் சோதனைக்கான காளி, தடயம் விடாமல் வேலை செய்ய விரும்புபவர்களுக்கான டெயில்ஸ், கையடக்க ராஸ்ப்பெர்ரி பை கணினிகளில் ஓடுவது, கணினியைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி நிரல் வேண்டாம் என்று பிரிந்துபோன டெவுவான்: எல்லாம் அந்த ஒரு வாசல் வழியாக வந்தவை. கோபித்துக்கொண்டு பிரிந்த டெவுவானும் டெபியனின் பொதிகளில் பெரும்பாலானவற்றை அப்படியே எடுத்துக்கொள்கிறது. அதற்கும் ஒப்பந்தம் இடம் தருகிறது.

சித்தில் ஒரு சோதனை

சரி, புள்ளிக்கு வருகிறேன். டெபியனில் வழுவை மின்னஞ்சலில் அறிவிக்க வேண்டும். கணக்குத் தொடங்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். ஆனால் ஒரு நியாயமான எதிர்பார்ப்பு உண்டு: உன் வழங்கலில் பார்த்ததை எங்கள் தலையில் போடாதே, எங்களிடமும் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுது. இடையில் உன் வழங்கல்காரர்கள் எதையாவது மாற்றியிருக்கலாம் அல்லவா? ஆகவே டெபியனை நிறுவித் தரும் டிபூட்ஸ்ட்ராப் என்ற கருவியை வைத்து, என் கணினிக்குள்ளேயே ஒரு கோப்புறையில் ‘சித்’தை நிறுவினேன். சித் என்பது டெபியனின் நிலையற்ற கிளை, புதுப் பொதிகள் முதலில் வந்து விழும் இடம். டெபியன் பதிப்புகளின் பெயர்கள் ‘டாய் ஸ்டோரி’ பாத்திரங்களிலிருந்து வருபவை. அதில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன் சித். அந்தக் கோப்புறைக்குள் போய் அதே கட்டளையைத் தட்டினேன். ‘கடிதம’. அங்கேயும் புள்ளி விழுந்தது.

மூன்று கோப்புப் பெயர்களை எடுத்துக்காட்டாக இணைத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஏழு இலக்கத்தில் ஒரு வழு எண் வந்தது. இரண்டாம் நாள் அந்த அசல் பராமரிப்பாளரே எழுதினார். தமிழ் தனக்குத் தெரியாது, ஆனால் படத்தைப் பார்த்தாலே ஏதோ உடைந்திருப்பது புரிகிறது என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: “உங்கள் மொழியில் எங்கே வெட்டினால் வலிக்காது?”

அந்தக் கேள்வியை நான் இன்னும் வைத்திருக்கிறேன். க-வும் புள்ளியும் சேர்ந்தது க் என்ற ஓர் எழுத்து, அதைப் பிரிக்கக் கூடாது. கொ என்பதில் முன்னாலும் பின்னாலும் குறிகள் தெரிந்தாலும் அது ஓர் எழுத்துத்தான் என்று எழுதி அனுப்பினேன். மொழியின் முதல் பாடத்தை, வேறொரு கண்டத்தில் இருக்கும் ஒருவருக்கு, ஒரு வழு எண்ணின் கீழே சொல்லிக்கொடுத்தேன். அவர் அதோடு நிற்கவில்லை. தேவநாகரியிலும் வங்காள எழுத்திலும் இதே கோளாறு இருக்குமே என்று தானே சோதித்தார். இருந்தது. கோளாறு டெபியனுடையது அல்ல, நிரலை எழுதியவரின் மூலத்திலேயே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அவருக்கு விஷயத்தை அனுப்பினார். வழுவின் மேல் ‘ஃபார்வர்டட்’ என்ற குறி ஏறியது. மூல ஆசிரியர் ஆறு வாரம் கழித்துத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். அதற்கு முன்பே நம்மவர் திருத்தத்தை டெபியனின் பொதியில் ஒட்டுக்கோப்பாகச் சேர்த்துச் சித்துக்கு அனுப்பிவிட்டார்.

அப்ஸ்ட்ரீம், டவுன்ஸ்ட்ரீம் என்று இந்த உலகத்தில் எல்லோரும் பேசுகிறார்கள். நம்மிடம் அதைவிட நல்ல சொற்கள் இருக்கின்றன: தலைமடை, கடைமடை. கடைமடையில் தண்ணீர் கலங்கி வந்தால் அங்கேயே நின்று திட்டிப் பயனில்லை. வாய்க்கால் ஓரமாக மேலே நடக்க வேண்டும். நான் 14 மாதம் கடைமடையில் நின்றிருந்தேன்.

மாற்றக் குறிப்பு

என் மனம் திரும்பியது திருத்தம் வந்த அன்று அல்ல. அதற்குச் சில நாள் கழித்து, ஓர் இரவில். திருத்தம் சேர்ந்துவிட்டதா என்று பார்க்க அந்தப் பொதியின் ‘சேஞ்ச்லாக்’ கோப்பைத் திறந்தேன். ஒவ்வொரு டெபியன் பொதியோடும் அது நம் கணினிக்கு வந்துவிடுகிறது. ‘யூஎஸ்ஆர்’, ‘ஷேர்’, ‘டாக்’ என்று இறங்கினால் பொதியின் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் சுருக்கி வைத்த கோப்பு. மேலே முதல் பதிவில் இருந்தது: கோப்புப் பெயரை எழுத்தின் நடுவில் வெட்டாதே. பக்கத்தில் என் வழு எண். அடுத்த வரியில் எனக்கு நன்றி. மகிழ்ச்சியாக இருந்தது. அத்தோடு மூடியிருக்கலாம். ஏனோ பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன்.

ஒவ்வொரு பதிவும் ஒரே மாதிரிதான் முடிகிறது: இரண்டு சிறு கோடுகள், பெயர், முகவரி, கிழமை, தேதி, நொடிவரை நேரம், நேர மண்டலம். படிக்கப் படிக்க அது ஒரு நாட்குறிப்பு என்று தோன்ற ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு 11.52. ஒரு சனிக்கிழமை அதிகாலை 2.10. ஒரு டிசம்பர் 25 மதியம். வேலை நாளில் அலுவலக நேரத்தில் முடிந்த பதிவு அரிது. 2004இல் முதல் பதிவு. பிறகு ‘புதிய பராமரிப்பாளர்’ என்ற வரி மூன்று இடத்தில் வருகிறது. அதாவது என்னோடு பேசியவர் நான்காமவர். இரண்டாமவரின் பதிவுகளில் நேர மண்டலம் பாதியில் மாறுகிறது. வேறு கண்டத்துக்குக் குடிபோயிருக்கிறார். பொதியையும் கூடவே கொண்டுபோயிருக்கிறார். மூன்றாமவர் காலத்தில் ஒன்றரை வருடம் எதுவும் இல்லை. பிறகு ஒரே வாரத்தில் ஐந்து பதிவு, முதல் பதிவின் தொடக்கத்தில் தாமதத்துக்கு மன்னிப்பு. என்ன நடந்திருக்கும்? நோயா, குழந்தையா, வேலை போனதா? தெரியாது. திரும்பி வந்து முதலில் செய்த காரியம், காத்திருந்த வழுக்களை மூடியது.

இவ்வளவும் ஒரு கோப்பின் பெயரை மாற்றும் நிரலுக்காக. இப்படிக் கிட்டத்தட்ட 70,000 பொதிகள். பெயர் தெரியாத ஏதோ ஒரு ‘சமூகம்’ இதை எல்லாம் செய்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி யாரும் ஞாயிறு இரவு 11.52க்கு உட்கார்ந்திருக்கவில்லை. ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பெயர் இருக்கிறது, அந்தப் பெயர் என் வட்டில் இருக்கிறது.

ஜோயல் கிளெக்கர் என்பவரைப் பற்றிப் பிறகு படித்தேன். ‘எஸ்பி’ என்று கூப்பிடுவார்கள். 2000இல் வந்த 2.2 பதிப்பு ‘பொட்டேட்டோ’ அவருக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. அவர் டெபியனுக்காக வேலை செய்த காலத்தின் பெரும்பகுதியில் தசைச்சிதைவு நோயோடு படுக்கையில் இருந்தார். கூட வேலை செய்தவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. அந்த ஜூலையில் இறந்தபோது அவருக்கு 21 வயது. பொதிகள் வந்துகொண்டிருந்தன, வழுக்கள் மூடப்பட்டுக்கொண்டிருந்தன. மறுமுனையில் எப்படிப்பட்ட உடம்பு அதைச் செய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு அந்த வேலை ஒழுங்காக நடந்தது.

அழுக்கும் அதே வாய்க்காலில்

டெபியனைக் கோயிலாக்க நான் விரும்பவில்லை. தலைமடையில் ஒருவர் கை தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் டெபியனே சாட்சி. 2006இல், இணையத் தொடர்பைக் குறியாக்கிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியைக் கவனித்தவர் சோதனைக் கருவிகள் எச்சரிக்கை தந்த இரண்டு வரிகளை நீக்கினார். நீக்குவதற்கு முன் மூலத் திட்டத்தின் மடற்குழுவில் கேட்டும் பார்த்தார், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதோடு, குறியாக்கச் சாவிகளுக்குச் சேர வேண்டிய தற்செயல்தன்மை ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. கடைசியில் கணிக்க முடியாததாக எஞ்சியது, ஓடும் நிரலுக்குக் கணினி தரும் செயலாக்க எண் மட்டும். ஒரே வகைக் கணினியில், ஒரே நீளத்தில், 32,768 சாவிகள்தான் பிறக்க முடியும். ஒரு மடிக்கணினியால் அத்தனையையும் உருவாக்கி வைத்துவிட முடியும். 2008 மே மாதம் டெபியனைச் சேர்ந்த லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடிக்கும்வரை அந்த ஓட்டை டெபியனில் மட்டுமா இருந்தது? உபுண்டுவுக்கும் மற்ற வழித்தோன்றல்களுக்கும் அதே தண்ணீர்தானே. சாவிகளைத் தூக்கிப்போட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. டெபியன் அதை மறைக்காமல் அறிவித்தது. சிக்கல்களை ஒளிக்க மாட்டோம் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி.

என் புள்ளி வழு மூடப்பட்ட சில மாதத்தில், 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் விவகாரம் வெளிவந்தது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய நிரல் நூலகம். அதை வருடக்கணக்காகத் தனியாளாகக் கவனித்து வந்தவர் லாஸ்ஸே காலின். சோர்ந்திருந்தார்; இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவரே மடற்குழுவில் சொல்ல வேண்டி வந்தது. உதவ வந்தவர்போல வந்து, இரண்டு வருடத்துக்கும் மேல் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்த ஒரு புனைபெயர் ஆசாமி அதற்குள் கள்ளக் கதவு வைத்தார். பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலாளர். டெபியன் சித்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். அந்த அரை நொடியை விடாமல் துரத்தினார். நிலையான பதிப்புக்குப் போவதற்குள் சித்திலேயே அது மாட்டிக்கொண்டது. மற்றவர்கள் அவர் துரத்தியதைக் கொண்டாடினார்கள், நானும்தான். ஆனால் எனக்கு அதிகம் உறைத்தது காலினின் தனிமை. அந்தப் பழைய மடல்களில் சிலர் அவரை அவசரப்படுத்துகிறார்கள், ஏன் இன்னும் வெளியிடவில்லை என்று கடிகிறார்கள். என் அழித்துவிட்ட கோபக் கடிதத்தின் தொனியும் அதுதான்.

தத்து

அடுத்த ஏப்ரலில் வந்த என் வழங்கலின் புதிய பதிப்பில் புள்ளி சரியாகிவிட்டது. அங்கே யாரும் எதுவும் செய்யவில்லை. வழக்கம்போல டெபியனிலிருந்து இழுத்துக்கொண்டார்கள், திருத்தமும் சேர்ந்து வந்தது. மூடப்பட்ட அந்தப் பழைய வழு மூடப்பட்டே கிடந்தது. நானும் அதை விட்டுவிட்டேன். மடிக்கணினியில் நேராக டெபியனைப் போட்டுக்கொண்டேன், மேசைக் கணினியில் பழைய வழங்கலே இருக்கிறது. அதன் மேலும் எனக்கு இப்போது குறையில்லை. நிறுவுவதை எளிதாக்கி, எழுத்துருக்களை ஒழுங்குபடுத்தி, என்னைப் போன்றவர்களை முதலில் உள்ளே கொண்டுவந்தவர்கள் அவர்கள்.

போன வருடம் மேசைக் கணினியில் பதிப்பை உயர்த்தியபின் பழக்கத்தில் ‘ஆப்ட் ஷோ’ தட்டினேன். இப்போதெல்லாம் அந்த வரியைப் படிக்காமல் விடுவதில்லை. ஒரிஜினல்-மெயின்டெய்னர்: டெபியன் கியூஏ குரூப், அதாவது தரக்கட்டுப்பாட்டுக் குழு. அவர் பெயர் இல்லை.

ஒரு பொதியைக் கவனிக்க ஆளில்லாமல் போனால் டெபியனில் அதை ‘ஆர்ஃபன்’ என்கிறார்கள், அநாதை. அந்தப் பொதியின் பெயருக்கு முன்னால் ‘ஓ’ என்று ஓர் எழுத்துப் போட்டு, ஆள் தேவைப்படும் பொதிகளின் பொதுப் பட்டியலில் வைக்கிறார்கள். அவசரத் திருத்தங்களைத் தரக்கட்டுப்பாட்டுக் குழு பார்த்துக்கொள்ளும். பட்டியலில் போய்ப் பார்த்தேன். அவரே எழுதியிருந்தார், மூன்று வரி: இனி நேரம் ஒதுக்க முடியவில்லை, பொதி நல்ல நிலையில் இருக்கிறது, எடுத்துக்கொள்பவருக்குக் கேள்வி இருந்தால் எழுதலாம். காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கில்லை.

இரண்டு வாரம் அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். நான் நிரலாளன் இல்லை. படித்தால் புரியும், சிறிய ஒட்டு எழுத முடியும், அவ்வளவுதான். தகுதியானவர் யாராவது வருவார் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை இரவு அந்தத் தலைப்பில் ‘ஓ’ என்பதை ‘ஐடிஏ’ என்று மாற்றினேன். தத்தெடுக்க எண்ணம் என்று பொருள். அவருக்கும் ஒரு மடல் போட்டேன், புள்ளிக்காரன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு. மறுநாளே பதில்: பொதியின் சோதனைக் கோப்புறையைத் திறந்து பாருங்கள் என்று மட்டும்.

திறந்தேன். நான் அன்று அனுப்பிய மூன்று கோப்புப் பெயர்களும் அங்கே இருந்தன. தமிழில், அப்படியே. கீழே அவர் சேர்த்த தேவநாகரி, வங்காளப் பெயர்கள். ஒவ்வொரு முறை பொதி கட்டப்படும்போதும், எத்தனை வகைச் செயலிகளுக்குக் கட்டப்படுகிறதோ அத்தனை இடத்திலும், ‘கடிதம்’ புள்ளியோடு வெளியே வருகிறதா என்று பார்க்கப்படுகிறது. வராவிட்டால் கட்டுமானம் அங்கேயே நின்றுவிடும். அவரால் படிக்க முடியாத ஒரு சொல்லை அவர் இப்படிக் காவல் போட்டு வைத்திருக்கிறார்.

டெபியனில் நேரடியாகப் பதிவேற்றும் உரிமை எனக்கில்லை. உரிமை உள்ள ஒருவர் பார்த்துச் சரி சொல்லி ஏற்ற வேண்டும். அவரை ஸ்பான்சர் என்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் மிகக் கறாரானவர். முதல் முயற்சியைப் 11 திருத்தங்களோடு திருப்பி அனுப்பினார். பாதியை மாலைக்குள் முடித்துவிட்டேன். நான்காவதில் நிற்கிறேன்: பதிப்புரிமைக் கோப்பு. பொதிக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்பும் யாருடையது, எந்த உரிமத்தில் என்று அதில் எழுத வேண்டும். 43 கோப்புகளில் 42க்குப் பதில் இருக்கிறது. ஒன்றில் மட்டும் தலைப்பில் உரிமமும் இல்லை, பெயரும் இல்லை. 2006இல் யாரோ சேர்த்தது. பரவாயில்லை, மொத்தப் பொதியின் உரிமமே இதற்கும் என்று எழுதிவிடலாமா என்று ஸ்பான்சரிடம் கேட்டேன். முடியாது, கேட்டு வாங்குங்கள் என்றார்.

பழைய மடற்குழுக் காப்பகத்தைத் தோண்டி, அந்தக் கோப்பை முதலில் அனுப்பியவரின் முகவரியைப் பிடித்தேன். மடல் திரும்பி வந்தது. இன்னொரு திட்டத்தின் மாற்றக் குறிப்பில் அதே பெயர், வேறு முகவரி. அதற்கு நேற்று இரவு எழுதினேன்: 2006இல் நீங்கள் சேர்த்த 60 வரிக் கோப்பு இன்றும் ஓடுகிறது, அதை எந்த உரிமத்தில் தந்தீர்கள் என்று ஒரு வரி எழுத முடியுமா? இந்த முறை மடல் திரும்பி வரவில்லை.